குதிரை வண்டிகளுக்குப் பெயர் சொல்லும்போது செய்யும் தவறுகள்

ஐரோப்பியக் குதிரை வண்டி எதைக் கண்டாலும் சாரட் என்று எழுதிவிடுவது நம்மிடையே பழகிப்போன தவறு. தங்க முலாமும் மெத்தையும் பெயரைத் தீர்மானிப்பதில்லை. சக்கரம் எத்தனை, கூரை மடங்குமா, ஓட்டுபவர் எங்கே உட்காருகிறார் என்று பார்த்தால்தான் பெயர் பிடிபடும்.

பலரும் குழம்புவது லாண்டோவிலும் பரூஷிலும். இரண்டுக்கும் நான்கு சக்கரம். இரண்டிலும் பயணிகள் எதிரெதிரே அமர்வார்கள். கூரையை உற்றுப் பாருங்கள். லாண்டோவின் கூரை இரண்டு பாதியாக இருக்கும். ஒன்று முன்னால் மடியும், மற்றது பின்னால் மடியும். மழை வந்தால் இரண்டையும் தூக்கி நடுவில் இணைத்துவிடலாம், வண்டி முழுக்க மூடிக்கொள்ளும். பரூஷுக்குப் பின்பாதிக் கூரை மட்டுமே. எதிர் இருக்கைக்காரர் நனைய வேண்டியதுதான். 2011இல் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமும் கேட் மிடில்டனும் திருமணம் முடிந்து ஊர்வலமாகச் சென்றது 1902இல் செய்யப்பட்ட அரச லாண்டோவில். அதைக் கோச் என்று எழுதுவது தவறு. கோச்சின் கூரை மடங்காது. பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவில் எட்டுக் குதிரைகள் இழுக்கும் 1762ஆம் ஆண்டின் தங்க வண்டி, சுமார் 4 டன் எடை, அதுதான் கோச்.

பழைய லண்டனைக் கதையில் கொண்டுவருபவர்கள் ஹான்சம் வண்டியில் தவறுகிறார்கள். ஜோசப் ஹான்சம் 1834இல் காப்புரிமை பெற்ற வடிவம் பிறகு திருத்தப்பட்டே தெருக்களில் பரவியது. இரண்டு சக்கரம், ஒரு குதிரை. ஓட்டுபவர் பயணிக்குப் பின்னால், உயரத்தில் இருப்பார். கடிவாள வார் கூரைக்கு மேலாகப் போகும். வழி சொல்ல வேண்டுமென்றால் கூரையில் இருக்கும் சிறு கதவைத் திறந்துதான் பேச வேண்டும். ஆகவே முன்னால் இருக்கும் வண்டிக்காரரின் தோளைத் தட்டுவதுபோல எழுதினால் காட்சியே பொய்யாகிவிடும். ஓட்டுபவர் முன்னால் அமரும் நான்கு சக்கர மூடு வண்டி வேண்டுமா? இருவருக்கானது புரூம், நால்வருக்கானது கிளாரன்ஸ். புரூம் 1838இல் வந்தது. நெப்போலியன் காலக் கதையில் அதை ஓட்டாதீர்கள்.

ஃபீட்டனில் சீருடை அணிந்த வண்டிக்காரரை ஏற்றுவதும் பொருந்தாது. உரிமையாளர் தாமே ஓட்டி மகிழ்வதற்கென்று செய்த இலகுவான நான்கு சக்கர வண்டி அது. இரண்டு சக்கரத்தில் ஒற்றைக் குதிரை என்றால் கிக், இணையாக இரு குதிரைகள் என்றால் கரிக்கிள்.

ட்ரொய்காவை வண்டி வகையாக எழுதுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். ரஷ்யாவில் மூன்று குதிரைகளைப் பக்கம் பக்கமாகப் பூட்டும் முறை அது. பின்னால் வருவது சக்கர வண்டியாகவும் இருக்கலாம், பனிச்சறுக்கு வண்டியாகவும் இருக்கலாம். நடுக் குதிரை ஓட்டநடை போடும். இரு பக்கக் குதிரைகளும் கழுத்தை வெளிப்புறம் வளைத்தபடி பாய்ந்தோடும்.