நாலு கேமராவுக்கு ஒரே கேபிள்

தோட்டத்தில் நாலு ஐபி கேமரா மாட்ட வீட்டிலிருந்து நாலு கேபிள் இழுக்க வேண்டாம். ஒரே கேட்6 நெட்வொர்க் கேபிளைக் கொண்டுபோய் முனையில் ஒரு பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் பெட்டி) வையுங்கள். மின்சாரமும் நெட்வொர்க்கும் அந்த ஸ்விட்சிலிருந்தே கேமராக்களுக்குப் போகும். ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட் டேட்டா) என்றாலும் மொத்தம் 16தான், 100 எம்பிபிஎஸ் லைனுக்கு அது ஒரு சுமையே இல்லை. வீட்டுப் பக்கம் கேபிளை ரவுட்டரில் செருகுங்கள். கேமரா படங்களைப் பதிவு செய்யும் ரெக்கார்டரின் கேமரா போர்ட்டில் செருகினால் சில மாடல்களில் ஒரு கேமராதான் தெரியும்.

ஸ்விட்சுக்கு அங்கே பிளக் பாயின்ட்டும் மழை படாத பெட்டியும் வேண்டும். கேபிள் நீளம் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். அப்புறம், செம்பு பூசிய அலுமினியக் கேபிள் வேண்டவே வேண்டாம். விலை குறைவென்று நான் வாங்கினேன், இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் கேமரா அணைந்து அணைந்து வந்தது. இன்னொன்று, அந்த ஒற்றைக் கேபிளை அணில் கடித்தால் நாலும் போச்சு, பைப்புக்குள் விடுங்கள்.