ஃப்ரோசன் ஃபோர் பார்க்கக் காரில் போவது எப்படி: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ஹாக்கி என்றாலே பனித்தளத்தில் ஆடுவதுதான். அதிலும் கல்லூரி ஹாக்கிக்கு ஒரு தனிக் கூட்டம் உண்டு. அந்தக் கூட்டம் வருஷம் முழுக்கக் காத்திருப்பது ஏப்ரலில் வரும் மூன்று நாளுக்காக. மிஞ்சிய நான்கு அணிகள் ஒரே நகரத்துக்கு வரும். வியாழக்கிழமை இரண்டு அரையிறுதி, சனிக்கிழமை இறுதி ஆட்டம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் இந்தச் சாம்பியன்ஷிப்பின் கடைசிக் கட்டத்துக்கு ஃப்ரோசன் ஃபோர் என்று பெயர்.

2025-இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவிலிருந்து, அந்த வருஷம் ஃப்ரோசன் ஃபோர் நடந்த செயின்ட் லூயிஸுக்குக் காரில் போய் வந்தேன். வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அணி எங்கள் ஊர் அணி. எப்படிப் போனீர்கள், என்ன செலவு, எப்போது பதிவு செய்தீர்கள் என்று அதன்பிறகு பலரும் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பயணத்தில் கார் ஓட்டுவது சுலபம். நம் அணி போகுமா போகாதா என்று தெரியாத நேரத்தில் பணத்தைப் போடுவதுதான் கஷ்டம். கீழே சொல்லும் படிகளில் பாதி அதைச் சமாளிக்கத்தான்.

படி 1: காலண்டரில் மூன்று தேதிகளைக் குறியுங்கள்

மார்ச் மாதப் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 16 அணிகளின் பட்டியல் வரும். கல்லூரி அணிகள் ஆறு கான்ஃபரன்ஸ்களாக, அதாவது லீக் குழுக்களாகப் பிரிந்து ஆடும்; அவற்றின் சாம்பியன்களுக்கு நேரடி இடம். மீதிப் பத்து இடங்கள் சீசன் முழுக்க ஆடியதை வைத்துக் கணக்கிடும் தரவரிசைப்படி. அது முதல் தேதி.

அடுத்த வாரக் கடைசியில் ரீஜனல். நான்கு ஊர்களில், ஊருக்கு நான்கு அணிகள்; அதில் ஜெயிக்கும் ஒரே அணிதான் ஃப்ரோசன் ஃபோருக்குப் போகும். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தொழில்முறை ஹாக்கியில் இருக்கும் ஏழு ஆட்டத் தொடர் எதுவும் இங்கே கிடையாது. ஒரே ஒரு கெட்ட ராத்திரி போதும், ஐந்து மாத உழைப்பு முடிந்துவிடும். மனசு இவ்வளவு அடித்துக்கொள்வதற்குக் காரணமே இதுதான். இந்த ரீஜனல் முடியும் நாள் இரண்டாவது தேதி.

மூன்றாவது, ஃப்ரோசன் ஃபோர் நடக்கும் வியாழன். ரீஜனலில் ஜெயித்த நாளிலிருந்து இதற்கு 11, 12 நாள்தான் இருக்கும். 2025-இல் எங்கள் அணி மார்ச் 29 அன்று ரீஜனலைத் தாண்டியது. அரையிறுதி ஏப்ரல் 10. லீவு கேட்பது, பிள்ளைகளை யாரிடமாவது விடுவது, காரை சர்வீசுக்கு விடுவது எல்லாமே அதற்குள் நடக்க வேண்டும்.

நல்ல விஷயம் என்னவென்றால், எந்த நகரம் என்பது பல வருஷம் முன்பே தெரிந்துவிடும். 1948-இல் முதல் போட்டி கொலராடோ ஸ்பிரிங்ஸின் பிராட்மூரில் நடந்தது. முதல் பத்து வருஷமும் அங்கேதான். இப்போது வருஷத்துக்கு ஒரு நகரம்: 2023 டாம்பா, 2024 செயின்ட் பால், 2025 செயின்ட் லூயிஸ், 2026 லாஸ் வேகாஸ், 2027 வாஷிங்டன். உங்கள் ஊரிலிருந்து ஒரு பகலில் ஓட்டிப் போகக்கூடிய நகரம் எந்த வருஷம் வருகிறது என்று பாருங்கள். முதல் பயணத்துக்கு அந்த வருஷமே சரி.

படி 2: ரூமை முன்னாலேயே போடுங்கள், ஆனால் ரத்து செய்யும்படி

ஜனவரியில் போட்டுவிடுங்கள். உங்கள் அணி எந்த நிலையில் இருந்தாலும் சரி. அரங்கத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள ஹோட்டல்கள் முதலில் தீரும், ரீஜனல் முடிந்த ராத்திரி மிச்சமும் தீரும். புதன், வியாழன், வெள்ளி, சனி என நான்கு இரவுகளுக்குப் பதிவு செய்யுங்கள். குறைத்துக்கொள்வது எளிது, கூட்டுவது கஷ்டம்.

பதிவு செய்யும்போது இரண்டு விலை காட்டுவார்கள். குறைந்த விலை முன்பணம் கட்டும் விலை, திரும்ப வராது. கொஞ்சம் கூடுதலான விலை, ரத்து செய்யக்கூடியது. கூடுதல் விலையைத் தேர்ந்தெடுங்கள். சில வருஷங்களுக்கு முன் நான் இரவுக்கு இருபது டாலர் மிச்சம் பிடிப்பதாக நினைத்து முதலாவதை எடுத்தேன். அணி ரீஜனலிலேயே தோற்றது. போன் செய்து கெஞ்சிப் பார்த்தும் ஒரு காசு திரும்பவில்லை. அன்று முதல், ரத்து செய்யக் கடைசி நாள் எது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். அந்த நாள் ரீஜனல் முடிந்த பிறகு வர வேண்டும். அது ஒன்றே போதும்.

நகர மையத்தில் கிடைக்கவில்லையா? ரயில் பாதை எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். செயின்ட் லூயிஸில் மெட்ரோலிங்க் ரயில் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி இல்லினாய் பக்கமும் போகிறது. ஃபேர்வியூ ஹைட்ஸ் பக்கம் ரூம் எடுத்து, ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டு ஏறினால், சிவிக் சென்டர் ஸ்டேஷனில் இறங்கி எதிரே அரங்கத்துக்குள் போய்விடலாம். பார்க்கிங் தலைவலியே இல்லை.

படி 3: டிக்கெட்

மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்பார்கள். அவரவர் கல்லூரிக்கென ஒதுக்கும் இருக்கைகளும் உண்டு. உங்கள் அணி நுழைந்தால் கல்லூரி டிக்கெட் அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் ஊர் ஆட்களோடு, பேண்ட் வாத்தியத்துக்குப் பக்கத்தில் உட்கார அதுதான் வழி. கல்லூரி ஹாக்கியில் பாதி சந்தோஷம் அந்த பேண்ட்தான் என்பேன்.

டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வியாழன் ராத்திரி இரண்டு அணிகள் தோற்கும். அந்த ரசிகர்களில் பலர் மறுநாளே ஊர் திரும்புவார்கள். அவர்களுடைய சனிக்கிழமை டிக்கெட்டுகள் மறுவிற்பனைக்கு வரும், பெரும்பாலும் விலையும் இறங்கும். இறுதி ஆட்டம் மட்டும் போதும் என்பவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் வாங்கலாம்.

இருக்கை எங்கே? தளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார ஆசை வரும். பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வில்லை) கண்ணாடியில் மோதும்போது நெஞ்சுக்குள் அதிர்வதை ஒரு தடவை அனுபவிக்க வேண்டியதுதான். ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கு நான் சொல்வது, உயரத்தில், நடுக்கோட்டுக்கு நேராக. முழுத் தளமும் தெரியும். யார் யாருக்குக் கொடுக்கப்போகிறார் என்பதைப் பக் நகர்வதற்கு முன்பே நீங்கள் கண்டுபிடிக்க ஆரம்பிப்பீர்கள். விலையும் குறைவு.

படி 4: ரீஜனலுக்குப் போகலாமா?

பக்கத்தில் நடந்தால் போங்கள். இல்லாவிட்டால் சக்தியை மிச்சம் பிடியுங்கள். 2025-இல் எங்கள் அணிக்கு நார்த் டகோட்டாவின் ஃபார்கோ விழுந்தது, கலமசூவிலிருந்து 800 மைலுக்குப் பக்கம். வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மினசோட்டா ஸ்டேட் அணியை ஓவர்டைமில் (கூடுதல் நேர ஆட்டத்தில்) 2-1, அப்புறம் மாசசூசெட்ஸ் அணியையும் 2-1. இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் முதல் வேலையாக ஹோட்டல் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஜனவரியில் போட்டது அப்படியே இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் படி 2-ஐ அவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

அணி தோற்றால்? ரத்து செய்யலாம். ஆனால் தயவுசெய்து ஒரு நாள் யோசியுங்கள். ஃப்ரோசன் ஃபோரில் ஆடாத கல்லூரிகளின் ஜெர்சியோடு நூற்றுக்கணக்கானவர்கள் வருவார்கள். மெய்ன், நார்த் டகோட்டா, கார்னெல் என்று எல்லா நிறமும் வராந்தாவில் தெரியும். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. உங்கள் ஜெர்சியைப் பார்த்து அவர்களாகவே பேச்சுக் கொடுப்பார்கள்.

படி 5: புதன்கிழமையே கிளம்புங்கள்

அரையிறுதி வியாழன் மாலை. செயின்ட் லூயிஸில் முதல் ஆட்டம் அங்குள்ள நேரப்படி 4 மணி. காலையில் கிளம்பினால் போதும் என்று தோன்றும். வேண்டாம். வழியில் ஒரு விபத்து, ஒரு மழை, ஒரு பஞ்சர் போதும், முதல் பீரியடை, அதாவது முதல் இருபது நிமிஷ ஆட்டத்தை, கார் ரேடியோவில் கேட்பீர்கள்.

கலமசூவிலிருந்து ஏறக்குறைய 400 மைல், நிற்காமல் ஓட்டினால் ஆறரை மணி நேரம். ஐ-94 நெடுஞ்சாலையில் மேற்கே போய், மிச்சிகன் ஏரியின் தென்முனையைச் சுற்றி, சிகாகோவின் தெற்குப் புறநகரைக் கடந்து ஐ-55-ஐப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து செயின்ட் லூயிஸ் வரை அதே சாலை. கவனிக்க வேண்டியது சிகாகோப் பகுதி மட்டும்தான். காலை பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்கு முன் அதைக் கடந்துவிடுகிற மாதிரி கணக்குப் போடுங்கள். இல்லினாய் டோல் சாலைகளில் இப்போது காசு வாங்கும் சாவடி கிடையாது. டோல் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஈஸீபாஸ் இல்லாத வண்டியில் தெரியாமல் நுழைந்துவிட்டால் பயப்பட வேண்டாம், 14 நாளுக்குள் இணையத்தில் கட்டிவிடலாம்.

ஐ-55 ஏறியதும் ஊர்களே குறைந்துவிடும். இரண்டு பக்கமும் ஏப்ரலில் இன்னும் விதைக்காத கரிய வயல். பழைய ரூட் 66 நெடுஞ்சாலை பல இடங்களில் பக்கத்திலேயே ஓடிவரும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனால் ஸ்பிரிங்ஃபீல்டில் நிறுத்துங்கள். ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது, பார்க்கக் கட்டணம் இல்லை. அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மிசிசிப்பி. பாலத்தில் ஏறும்போது வலதுபுறம் பாருங்கள், 630 அடி உயர வளைவு ஆற்றங்கரையில் நிற்கும்.

முக்கியமாக: மிச்சிகனில் கிழக்கத்திய நேரம், இந்தியானாவின் வடமேற்கு மூலையிலேயே மத்திய நேரம் வந்துவிடும். போகும்போது ஒரு மணி நேரம் லாபம்.

படி 6: பையில் என்ன

அரங்கங்களில் பைக்குக் கட்டுப்பாடு உண்டு. போகும் முன் அந்த அரங்கத்தின் விதியைப் படியுங்கள். முடிந்தால் பையே வேண்டாம். டிக்கெட் போனில்தான் வரும், எனவே சார்ஜ் தேவை. உள்ளே ஒரு ஸ்வெட்டர் போதும், கனத்த கோட்டு மடியில் கனக்கும்.

படி 7: இவ்வளவு தெரிந்தால் ஆட்டம் புரியும்

ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும். இருபது நிமிஷ பீரியட் மூன்று. பக் என்பது மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனமுள்ள கறுப்பு ரப்பர் வில்லை. தளத்தில் இரண்டு நீலக் கோடுகள் இருக்கும். எதிரணிப் பக்கத்து நீலக் கோட்டைப் பக்குக்கு முன்னால் ஆள் தாண்டினால் ஆஃப்சைடு. நடு சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து எதிராளியின் கோல்கோட்டுக்கு அப்பால் சும்மா அடித்து அனுப்பினால் ஐசிங். சின்னத் தவறுக்கு இரண்டு நிமிஷம் வெளியே, அந்த நேரம் எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல், அதுதான் பவர் பிளே. கைகலப்பில் இறங்கினால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றுவார்கள். மற்றதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித் தருவார்.

ஓவர்டைம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சமநிலை என்றால் இன்னொரு முழு இருபது நிமிஷம், யார் முதலில் கோல் போடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. போடாவிட்டால் இன்னொரு இருபது. பெனால்டி ஷூட்-அவுட் கிடையாது. 2021-இல் ஃபார்கோ ரீஜனலில் மினசோட்டா டுலூத்தும் நார்த் டகோட்டாவும் ஐந்தாவது ஓவர்டைம் வரை போனார்கள். எனவே கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பாருங்கள். வாடகைக் கார் செயலியும் போனில் இருக்கட்டும்.

படி 8: மூன்று நாள்

வியாழன் எங்களுக்கு டென்வர். அதுவரை பத்து முறை பட்டம் வென்ற அணி, முந்தைய வருஷச் சாம்பியன். 2-0 என்று முன்னால் இருந்தோம். மூன்றாம் பீரியடில் அவர்கள் இரண்டையும் திருப்பிவிட்டார்கள். முதல் ஓவர்டைமில் ஒன்றும் விழவில்லை. இடைவேளையில் யாரும் சாப்பிட எழுந்து போகவில்லை. எனக்குப் பக்கத்தில் பழுப்பு நிற மஃப்ளரோடு ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மஃப்ளரின் நுனி நூலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது ஓவர்டைமில் ஓவன் மைக்கேல்ஸ் அடித்தது உள்ளே போனதும் மொத்தப் பகுதியும் துள்ளி எழுந்தது. அவர் எழவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தோளில் கை வைத்தேன். பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் இல்லை. அன்று வருஷத்தின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருதை அறிவிப்பார்கள். 2025-இல் மிச்சிகன் ஸ்டேட்டின் ஐசக் ஹவர்டுக்குக் கிடைத்தது. மற்றபடி ஊரைச் சுற்றுங்கள், மதியம் தூங்குங்கள். வியாழன் உங்கள் அணி தோற்றிருந்தாலும் ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். இறுதி ஆட்டத்தைப் பக்கம் சேராமல் பார்ப்பது வேறு மாதிரி இன்பம்.

சனிக்கிழமை பாஸ்டன் யூனிவர்சிட்டியை 6-2 என்று ஜெயித்தோம். எங்கள் கல்லூரிக்கு ஹாக்கியில் அதுதான் முதல் பட்டம். முடிந்தவுடன் வெளியே ஓடாதீர்கள். கோப்பை கொடுப்பது, வீரர்கள் அம்மா அப்பாவைத் தேடிக் கண்ணாடி ஓரம் வருவது, பேண்ட் கடைசியாக ஒரு தடவை கல்லூரிப் பாட்டை வாசிப்பது, எல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 9: திரும்புதல்

சனி ராத்திரியே காரை எடுக்கக் கூடாது. தொண்டை போயிருக்கும், கண்ணும் எரியும். தூங்கி எழுந்து ஞாயிறு எட்டு மணிக்குக் கிளம்புங்கள். போகும்போது கிடைத்த ஒரு மணி நேரம் இப்போது போய்விடும்; மாலை நாலு மணிக்கு மேல்தான் கலமசூ. திங்கள் காலையில் முக்கியமான மீட்டிங் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் அந்த ஒரு நாளுக்கும் சேர்த்தே லீவு எழுதிக் கொடுங்கள்.