6174-க்கு வந்து சேரும் கணக்கு: முன்னால் நிற்கும் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள்

ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். அதைத் திருப்பி எழுதிக் கழியுங்கள். விடைக்கும் இதையே செய்யுங்கள். அதிகபட்சம் 7 தடவைக்குள் 6174 வந்துவிடும்.

3524-இல் தொடங்கினால்:

5432 − 2345 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

6174-க்கும் செய்து பாருங்கள்: 7641 − 1467 = 6174. இனி நகராது. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 1949-இல் கண்டறிந்தது இது.

நான் ஒரு மாலை முழுக்கத் திணறியது 2111-இல். 2111 − 1112 = 999. அடுத்து 999 − 999 = 0. கணக்கே பொய்யோ என்று நினைத்துவிட்டேன். தவறு எங்கே என்றால், அது 999 அல்ல, 0999. நான்கு இலக்கமும் கடைசிவரை இருக்க வேண்டும்:

9990 − 0999 = 8991
9981 − 1899 = 8082
8820 − 0288 = 8532
8532 − 2358 = 6174

இதனால்தான் கால்குலேட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. அது முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதுங்கள். காலிக் கட்டம் உடனே கண்ணில் படும். பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிச் செய்பவர்கள் விடையை எண்ணாக வைத்துக்கொள்ளாமல் நான்கு எழுத்துள்ள சரமாக (string) வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இது ஏன் நடக்கிறது? அடுக்கிய இலக்கங்கள் அ, ஆ, இ, ஈ என்றால், கழித்த விடை எப்போதும்

999 × (அ − ஈ) + 90 × (இரண்டாவதாக உள்ள ஆ − மூன்றாவதாக உள்ள இ)

3524-இல் வெளி வித்தியாசம் 5 − 2 = 3, உள் வித்தியாசம் 4 − 3 = 1. 2997 + 90 = 3087. அதாவது எண் எதுவாக இருந்தாலும் இந்த இரண்டு வித்தியாசங்கள்தான் முக்கியம். உள் வித்தியாசம் வெளி வித்தியாசத்தைத் தாண்டாது என்பதால், முதல் கழித்தலிலேயே எல்லா எண்களும் வெறும் 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்தக் கணக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

999, 90 இரண்டும் 9-ஆல் வகுபடும். அதனால் ஒவ்வொரு விடையும் 9-ஆல் வகுபட்டே தீரும். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 3+0+8+7 = 18. கூட்டுத்தொகை 9-இன் மடங்காக வரவில்லையென்றால் கடன் வாங்கியதில் எங்கோ பிசகியிருக்கிறது.

பின்சேர்க்கை: மூன்று இலக்கத்துக்கு எது என்று கேட்டிருந்தார்கள். 495. இரண்டு இலக்கத்தில் நிற்கும் எண் கிடையாது. 09, 81, 63, 27, 45 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். இங்கேயும் 9-ஐ 09 என்று எழுதாவிட்டால் சுற்று அறுந்துவிடும்.

இன்னொன்று. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தவரும் கப்ரேகர்தான். 6174-ஐ 18-ஆல் வகுத்துப் பாருங்கள். 343, மீதியில்லை.