மார்மட் எவ்ளோ பெருசு வளரும்: வேட்டைக்காரங்க சைஸ் விஷயத்துல பண்ற தப்புகள்

அமெரிக்காவுல பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கம் சோயா வயல்ல கிரவுண்ட்ஹாக் (மார்மட்ங்கற, பொந்து தோண்டி வாழற பெரிய அணில் வகைல ஒண்ணு) சுடப் போறவங்க கிட்ட பேசிப் பாருங்க, முக்காவாசி பேர் "இருபது பவுண்டு இருக்கும்"னு தான் ஆரம்பிப்பாங்க, அதாவது 9 கிலோ. யாரும் வேணும்னு பொய் சொல்றதில்ல, தராசுல வைக்கவே இல்ல, அவ்ளோதான். அங்க இருக்கற கிரவுண்ட்ஹாக் (உட்சக்னும் சொல்வாங்க) நல்லா வளர்ந்தது 2 கிலோல இருந்து 6 கிலோ வரைக்கும் வரும், பெரும்பாலும் தராசு காட்டுறது 3, 4 கிலோ தான். 5 தாண்டினாலே அது பெரிய உருப்படி, சந்தோஷமா போட்டோ எடுத்துக்கலாம்.

கண்ணு ஏமாறுறதுக்கு காரணம் இருக்கு. பொந்து வாசல்ல மண்ண கொட்டி மேடு போட்டு வச்சிருக்கும், அது மேல ரெண்டு கால்ல நிமிர்ந்து நிக்கும், கீழ இருந்து பாக்கற நமக்கு ரெண்டு மடங்கா தெரியும். வெயில் காயறப்போ கல்லு மேல வயித்த பரப்பி தட்டையா படுத்துக்கும், அப்போ அகலம் பாத்து மிரண்டுடுவோம். செப்டம்பர்ல முடி வேற அடர்த்தியா இருக்கும். அதே விலங்க சுட்டு கையில தூக்குனதும் "இவ்ளோதானா"ன்னு தோணும். ஃபிப்ரவரி 2ஆம் தேதி கிரவுண்ட்ஹாக் டேக்கு டிவில வர்ற பங்க்சடானி ஃபில்ங்கற கிரவுண்ட்ஹாக்க பாத்து அளவு வச்சுக்கறதும் தப்பு, அது மனுஷங்க வேளா வேளைக்கு சோறு போட்டு வளக்கறது, காட்டுல திரியறது அந்த உடம்புக்கு வராது.

அடுத்தது, மாசத்த சொல்லாம எடைய மட்டும் சொல்றது. மார்மட்டுக்கு ஒரே எடைன்னு கிடையாது. குளிர்காலம் பூரா பொந்துக்குள்ள தூங்கி, உடம்புல சேத்து வச்ச கொழுப்ப வச்சே உயிர் வாழும், வெளிய வர்றப்போ மூணுல ஒரு பங்கு எடை போயிருக்கும், சிலதுக்கு அதுக்கும் மேல. அதனால மார்ச்ல 3 கிலோ இருந்தது செப்டம்பர் கடைசில 4.5 இருந்தா அது வேற ஜாதியும் இல்ல, ராட்சசனும் இல்ல. குட்டிங்க ஏப்ரல், மே மாசம் பொறக்கும், ஜூன் வாக்குல வெளிய தலகாட்டும், ஜூலைல வயல் ஓரத்துல பாக்கறதுல பாதி இந்த வருஷத்து குட்டியா கூட இருக்கும். கொலராடோல காத்திக்ங்கற இடத்துல 1962ல இருந்து மஞ்சள் வயித்து மார்மட்ட புடிச்சு, எடை போட்டு, திரும்ப விட்டு ஆராய்ச்சி பண்ணிட்டு வர்றாங்க. 2010ல நேச்சர் இதழ்ல வந்த கட்டுரைப்படி, கோடை நீள நீள அங்க வளர்ந்த மார்மட்டோட சராசரி எடை சுமார் 3.1 கிலோல இருந்து 3.4 கிலோவுக்கு ஏறியிருக்கு. வெறும் 300 கிராம் வித்தியாசம், வருஷக்கணக்கா தராசுல வச்சதால தான் அது தெரிஞ்சுது.

ஜாதிய கலக்கறது இன்னொரு பெரிய தப்பு. ஐடஹோ, ஆரிகான் பக்கம் ராக் சக்னு சுடறது இந்த மஞ்சள் வயித்து மார்மட் தான், அது 5 கிலோவ தாண்டுறதே அபூர்வம். 8, 10 கிலோன்னு படிச்சிருப்பீங்க, அது அலாஸ்கா, பிரிட்டிஷ் கொலம்பியா மலையில இருக்கற ஹோரி மார்மட், அதுவும் தூங்கப் போறதுக்கு முன்னாடி இருக்கற ஆண். அந்த நம்பர கொண்டு வந்து ராக் சக் மேல ஒட்டக் கூடாது. "பெருசு வேணும்"னு தேடி போறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா பெருசா வளர்ற சில ஜாதி சுடவே கூடாதது. வான்கூவர் தீவு மார்மட் (சாக்லேட் கலர்ல இருக்கும்) 2003 வாக்குல காட்டுல 30க்கும் கம்மியா போயிடுச்சு, ஒலிம்பிக் மார்மட் வாஷிங்டன் மாநிலத்துல ஒலிம்பிக் நேஷனல் பார்க்க சுத்தி மட்டும் தான் இருக்கு. லடாக் ட்ரிப்ல பாங்காங் போற வழியில நம்மாளுங்க பிஸ்கட் போடறாங்களே, ஹிமாலய மார்மட், அதுவும் 9 கிலோ வரைக்கும் போகும், ஆனா 1972 வனவிலங்கு சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, பிஸ்கட்டும் போடாதீங்க.

எனக்கு ரொம்ப கவலையா இருக்கற தப்பு இனி சொல்றது. துப்பாக்கி ஸ்கோப்ல மில் கோடு (விலங்கு எவ்ளோ பெருசா தெரியுதுன்னு அளக்கற கோடு) வச்சு தூரம் கணக்கு போடறவங்க "நிக்கற சக் (கிரவுண்ட்ஹாக்) 45 சென்டிமீட்டர்"னு மனப்பாடமா வச்சிருப்பாங்க. சென்டிமீட்டர பத்தால பெருக்கி மில்லால வகுத்தா மீட்டர் வரும், ஸ்கோப்ல 1.5 மில் தெரிஞ்சா 300 மீட்டர். சரி, நிக்கறது ஜூலை மாசத்து குட்டி, 30 சென்டிமீட்டர் தான்னா? அப்போ உண்மையான தூரம் 200 மீட்டர். 200 மீட்டர்ல குறி சரியா விழற மாதிரி செட் (ஸீரோ) பண்ண .223 ரைஃபிள்ல, ஸ்கோப்ப 300க்கு திருப்பி வச்சு சுட்டா குண்டு 15 சென்டிமீட்டர் கிட்ட மேல போகும், தலைய உரசிட்டு போயிடும். இதாவது பரவாயில்ல, சுத்தமா மிஸ் ஆகலாம். மாறா நிக்கறது நீங்க நெனச்சத விட பெருசுன்னா அது இன்னும் தூரத்துல இருக்கு, குண்டு கீழ இறங்கி வயித்துலயோ கால்லயோ படும், பொந்துக்குள்ள இழுத்துட்டு போய் மெதுவா சாகும், நீங்க தோண்டி எடுக்கவும் முடியாது. புல்லு பாதி உடம்ப மறைச்சா கணக்கு இன்னும் கெட்டுடும். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குங்க, விலங்கு மேல பிடிக்கலன்னா அந்த மண் மேட்டு மேல அடிங்க, பக்கத்து கல்லு மேல அடிங்க. பெருசா குட்டியான்னு சந்தேகம் இருந்தா விட்டுடுங்க.

அளக்கறதுலயும் ஒண்ணு சொல்லிடறேன். வால சேத்து ஒருத்தர் சொல்வார், சேக்காம ஒருத்தர் சொல்வார், 10, 15 சென்டிமீட்டர் வித்தியாசம் அதுலயே வந்துடும். மூக்கு நுனில இருந்து வால் அடி வரைக்கும் தனியா, வால் தனியா எழுதுங்க, பிடிச்சு இழுக்காம தரையில சாதாரணமா படுக்க வச்சு. கைய முன்னாடி நீட்டி போன் கிட்ட காட்டற போட்டோவ பாத்து யாரும் சைஸ் சொல்லாதீங்க, பக்கத்துல டேப்ப விரிச்சு வச்சு எடுங்க. எடைக்கு மீன் புடிக்கறவங்க வச்சிருக்கற தொங்கு தராசு போதும், குடல் எடுக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, கூடவே தேதியும் இடமும் எழுதிடுங்க. கையுறை இல்லாம தொடாதீங்க, உண்ணி இருக்கும், டுலரீமியாங்கற பாக்டீரியா நோய் வரும், மேற்கு பக்கம் ராக் சக்னா பிளேக் தெள்ளுப்பூச்சியும் இருக்க வாய்ப்பிருக்கு, எடை போட்டு முடிச்சதும் தராசு கொக்கிய பிளீச் தண்ணில கழுவி வைங்க.