நிஜமும் மெய்நிகரும் இம்மி பிசகாமல் பொருந்த: தொழில்துறை எம்ஆர் ஹெட்செட்டை அமைக்கும் முறை

விமானி அறைப் பயிற்சி, கார் உட்புற வடிவமைப்பு, கனரக இயந்திரப் பயிற்சி எதுவானாலும், நிஜ உலகோடு மெய்நிகர்க் காட்சியைக் கலந்து காட்டும் மிக்ஸ்டு ரியாலிட்டி (எம்ஆர்) ஹெட்செட்டிடம் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான். கை தொடும் நிஜ விசையும் கண் காணும் மெய்நிகர் காட்சியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அது தவறும்போது பெரும்பாலும் குறை ஹெட்செட்டில் இருக்காது. வெளிச்சம், கேபிள், இடத்தைக் கணிக்க கேமரா பார்க்கும் அச்சடித்த குறிப்படமான மார்க்கர் இவற்றில்தான் இருக்கும்.

முதலில் வகையைத் தீர்மானியுங்கள். ஹோலோலென்ஸ் 2, மேஜிக் லீப் 2 போன்றவற்றில் கண்ணாடி வழியாக உலகை நேரடியாகப் பார்க்கிறோம். அவை இருக்கும் ஒளியோடு ஒளியைச் சேர்க்குமே தவிர, கருப்பை வரைய முடியாது. மேஜிக் லீப் 2 கண்ணாடியையே மங்கச் செய்து இதை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஹோலோலென்ஸ் 2 உற்பத்தி 2024-இல் நின்றுவிட்டதால் புதுத் திட்டத்தை அதன்மேல் கட்ட வேண்டாம். வார்யோ எக்ஸ்ஆர்-4 போன்றவை கேமரா வழியாக உலகைக் காட்டுபவை: 20 மெகாபிக்சல் கேமராக்கள் இரண்டு, 120 பாகை அகலக் காட்சி. நிஜத்தை முழுதாக மறைக்கவும் இவற்றால் முடியும். இனி வருவது, கம்ப்யூட்டரோடு கேபிளில் இணையும் இந்த இரண்டாம் வகைக்கானது.

வெளிச்சம். வேலை செய்யும் இடத்தில் 500 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அலகு) அளவுக்குச் சீரான ஒளி இருக்கட்டும். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமையும் அதிக நேரம் பதிவு செய்யும். தலையைத் திருப்பும்போது நிஜ உலகம் கலங்கித் தெரியும், படத்தில் புள்ளிகள் மொய்க்கும். டிம்மர் போட்ட எல்இடி விளக்குகள் பல வேகமாக அணைந்தெரிபவை. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கேமராவில் நகரும் பட்டைகளாக விழும். துடிப்பில்லாத டிரைவர் உள்ள விளக்குகளை வாங்குங்கள். ஜன்னலை மூடிவிட்டு, கேமராவின் எக்ஸ்போஷரையும் (ஒளியைப் பதியும் அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) தானியங்கியிலிருந்து மாற்றி நிலையாகப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் வெளிச்சமான திரை ஒன்று பார்வைக்குள் வந்ததும் மொத்த அறையும் இருண்டு மீளும்.

கம்ப்யூட்டர். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை கிராபிக்ஸ் கார்டிலேயே செருகுங்கள். மதர்போர்டில் உள்ள போர்ட்டில் அல்ல. யுஎஸ்பிக்குப் பின்பக்க போர்ட். ஹப்பும் எக்ஸ்டென்ஷனும் வேண்டாம். விண்டோஸில் யுஎஸ்பி மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள். பயிற்சியின் நடுவே ஹெட்செட்டின் இணைப்பு திடீரென அறுந்துபோவதற்கு அது வழக்கமான காரணம். 90 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 90 ஃப்ரேம் ஓடும்போது, ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 11.1 மில்லி விநாடி. முப்பரிமாண மாடல் கனமாக இருந்து அதைத் தாண்டினால் மெய்நிகர்ப் பொருள்கள் நிஜத்தின்மேல் மிதந்து வழுக்கும். நிஜத்தையும் மெய்நிகரையும் பொருத்தும் சீரமைப்பைக் குறை சொல்லும் முன் ஃப்ரேம் நேரத்தைப் பாருங்கள்.

இனி முக்கியமான வேலை, சீரமைப்பு. நிஜ அமைப்பில் அசையாத ஒரு புள்ளியை மூலப்புள்ளியாக எடுங்கள்; இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட் நல்ல தேர்வு. அதே அமைப்பின் கம்ப்யூட்டர் வரைபடமான கேட் (CAD) மாடலிலும் அதே புள்ளிதான் மூலம். மார்க்கரை பளபளப்பில்லாத தாளில் 100 சதவீத அளவில் அச்சடித்து, 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒட்டி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற பிரிண்டர் அமைப்பு 3 சதவீதம் சுருக்கிவிட்டால், 1 மீட்டரில் உள்ள மார்க்கரை மென்பொருள் சுமார் 3 செ.மீ. தள்ளி இருப்பதாக எண்ணும்.

மார்க்கரை வேலை நடக்கும் பரப்புக்கு அருகிலேயே வையுங்கள். அரைப் பாகைக் கோணப் பிழை 30 செ.மீ. தூரத்தில் 2.6 மி.மீ. மட்டுமே; 2 மீட்டரில் அதுவே 17 மி.மீ.க்கு மேல். பார்வைக்கு நேர் எதிரே வைத்தால் சாய்வைக் கணிப்பதில் மென்பொருள் தடுமாறும், அதனால் 20 முதல் 30 பாகை சாய்த்து வையுங்கள்.

பிறகு, ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் மூன்று நிஜ விசைகளை விரலால் தொட்டுச் சரிபாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு, ஒரே திசையில் விலகினால் இடப்பிழை. மென்பொருளில் இட எண்ணை மாற்றினால் போதும். மார்க்கரிலிருந்து தள்ளிப் போகப் போக விலகல் பக்கவாட்டில் கூடினால் அது சுழற்சிப் பிழை. தூரம் போகும் திசையிலேயே கூடினால் மாடலின் அளவு தவறு. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் கண்மதிப்பில் மாடலை நகர்த்துவதுதான் பலரின் நேரத்தை விழுங்குகிறது: ஒரு விசை சரியாகும், இன்னொன்று கெடும்.

நிஜப் பகுதியைக் காட்சிக்குள் திறந்துவிட மூன்று வழிகள் உண்டு. கருவிப் பலகைபோல் இடம் மாறாத பொருளுக்கு கேட் மாடலிலிருந்தே வெட்டிய மாஸ்க் (நிஜம் தெரியவேண்டிய பகுதியின் வெட்டு வடிவம்) மிக உறுதியானது. கை, உடல் நகரும் இடத்துக்குக் குரோமா கீ (ஒரு நிறம் இருக்கும் இடத்தில் மட்டும் மெய்நிகரைக் காட்டும் முறை) ஏற்றது: பளபளப்பில்லாத பச்சைத் துணி, சுருக்கமில்லாமல், தனி விளக்கோடு, ஆளிடமிருந்து 1 மீட்டராவது தள்ளி. நெருங்கினால் பச்சைச் சாயல் கையில் படிந்து விரல் ஓரங்கள் தின்னப்படும். பொருள்கள் எவ்வளவு தூரத்தில் உள்ளன என்று அளக்கும் ஆழ உணரி மூன்றாவது வழி. அமைப்பது எளிது, ஆனால் விரல் இடுக்குகளில் விளிம்பு பிசிறடிக்கும்.

அசையும் மேடைமேல் பயன்படுத்துவதானால் ஒரு எச்சரிக்கை. ஹெட்செட்டுக்குள் அசைவை அளக்கும் உணரி மேடையின் அசைவையும் தலை அசைவாகவே எடுத்துக்கொள்ளும். மேடையின் அசைவைத் தனியே அளந்து கழிக்கும் ஏற்பாடு இல்லாமல் ஆளை ஏற்றாதீர்கள். சில நிமிடங்களில் குமட்டல் வரும்.

ஆள் மாறும்போதெல்லாம் கண் அளவீட்டை, அதாவது அவர் கண்களுக்கு ஏற்ப ஹெட்செட்டைச் சரிசெய்வதை, புதிதாகச் செய்யுங்கள். முதலில் பின்பட்டையை இறுக்கி, எடை நெற்றியில் மட்டும் தொங்காமல் பார்த்துக்கொண்டு, அதன்பின் அளவீடு. வரிசை மாறினால் ஹெட்செட் நழுவி அளவீடு வீணாகும். நெற்றிப் பஞ்சை ஆல்கஹால் துடைப்பானால் துடைக்கலாம், லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும். கழற்றி வைக்கும்போது லென்ஸ் வெயிலைப் பார்க்கவே கூடாது. அது ஒளியைக் குவித்து உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும்.