துருப்பிடித்த ரஃப்ளர் மறுபடி ஃபிரில் வைத்தது

பழைய இரும்புக் கடையில் கிடைத்த ரஃப்ளரை (துணியில் சுருக்கு மடிப்பு வைக்கும் இணைப்புக் கருவி) என் சிங்கர் 15கே தையல் மிஷினில் மாட்டினேன். (அந்த 'கே' ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த கில்போவி ஆலையைக் குறிக்கும், 1980இல் மூடிவிட்டார்கள்.) துணி நேராகப் போனதே தவிர, ஒரு சுருக்குக்கூட விழவில்லை.

ரஃப்ளரின் கவட்டைக் கை, ஊசியைப் பிடிக்கும் திருகைச் சரியாகக் கவ்வியிருந்தது. முன்னால் 1, 6, 12, நட்சத்திரம் என்று குறிகள் இருக்கும். 1இல் தையலுக்கொரு மடிப்பு, 6இல் ஆறு தையலுக்கு ஒன்று, நட்சத்திரத்தில் மடிப்பே கிடையாது. என்னுடையது 1இல்தான் இருந்தது. ஆக, கோளாறு துணியைத் தள்ளும் நீல எஃகுத் தகட்டில். பற்களில் துருவும் நூல்பிசிறும் அப்பிக் கிடந்தன. தகடு நகரும் இடத்தில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்க வேண்டும், நம் வீடுகளில் இது சகஜம்.

இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். உப்புத்தாள் வேண்டாம், பல் மழுங்கிவிடும். துடைத்து, மூட்டுக்கு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய்.

துணியை அந்தத் தகட்டுக்கும் ரஃப்ளரில் உள்ள இன்னொரு நீலத் தகட்டுக்கும் நடுவே செருகி, முதலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஊசி எதிலும் இடிக்கவில்லை. பாப்ளினில் மடிப்பு அழகாக விழுகிறது. 'வாயில்' (voile) என்ற மெல்லிய துணிக்கு மட்டும் தையல் நீளத்தைக் குறைத்துக்கொள்கிறேன். சுருக்கு நெருக்கமாக வருகிறது.