மாதவிலக்கு வலிக்கு மாதம் முழுவதும் நடை

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் தையல் மெஷின் முன்னால் இருப்பவரும், கோவையில் கணினி முன்னால் இருப்பவரும் நாளின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிக்கிறார்கள். மாதவிலக்கின் முதல் இரண்டு நாள்களில் அடிவயிறும் இடுப்பும் பிடித்துக்கொண்டு, எரிச்சலும் சோர்வும் சேர்ந்து வரும் இத்தகைய பெண்களுக்காகவே இந்த வழிமுறை.

கருப்பையின் உட்சவ்வு உதிரும்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் கருப்பைத் தசையைச் சுருக்குகிறது. அந்தச் சுருக்கத்தால் தசைக்குப் போகும் இரத்தம் குறையும்போது வலி எழுகிறது. மூச்சு சற்று வாங்கும் அளவுக்குத் தொடர்ந்து உடலை இயக்கினால் இரத்த ஓட்டம் சீராகிறது, வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் சுரக்கிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, வாரம் 3 நாள்களாவது, ஒவ்வொரு முறையும் 45 முதல் 60 நிமிடம் வரை உடற்பயிற்சி செய்தவர்களுக்கு வலி 100-க்கு ஏறத்தாழ 25 புள்ளி அளவு குறையக்கூடும் என்கிறது. சான்றுகள் வலுவானவை அல்ல என்றும் அதுவே ஒப்புக்கொள்கிறது. ஆனால் பயிற்சியின் கடுமை முக்கியமில்லை என்று அது சொல்வதுதான் நமக்கு வேண்டிய செய்தி: ஓடத் தேவையில்லை.

உதிரப்போக்கு நின்ற மறுநாள் தொடங்குவது எளிது. முதல் வாரம் 15 நிமிட நடை, வாரத்தில் 5 நாள். அடுத்த ஒவ்வொரு வாரமும் 5 நிமிடம் கூட்டினால் ஏழாம் வாரத்தில் 45 நிமிடத்தை எட்டிவிடலாம். அதன்பின் வாரத்துக்கு 3 நாள் போதும். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாகவே இருக்கட்டும். வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம்: உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குப் போக முடியாதவர்களுக்குத் தோட்டத்து வண்டித்தடமும் மொட்டை மாடியும் போதுமானவை.

நடை சலிக்கும் என்பவர்களுக்கு நம் ஊரிலேயே வள்ளி கும்மி இருக்கிறது. முன்பு ஆண்கள் ஆடிய இந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்தின் பத்திரப்பன் 2024-இல் பத்மஸ்ரீ பெற்றார். கைதட்டி, அடவுக்கு அடவு குனிந்து நிமிர்ந்து வட்டமாகச் சுற்றும் இந்த ஆட்டம் மூச்சு வாங்கத் தொடர்ந்து இயங்கும் முழுமையான ஏரோபிக் பயிற்சியாகும். பாட முடியாத வேகத்தில் ஆட வேண்டும் என்பதால் பாட்டை மட்டும் வாத்தியாரிடம் விட்டுவிடலாம். கூட்டத்தோடு ஆடுவதால் நாள் தவறாமல் போகும் பழக்கமும் வந்துவிடும். என் கணிப்பில், நடையைவிட இதில் நிலைத்து நிற்பவர்களே அதிகம்.

தூரமான நாள்களில் ஒதுங்கி உட்கார வைத்த வழக்கம் ஓய்வு தந்திருக்கலாம். ஆனால் அந்நாள்களில் அசையக்கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. வலி மிகுந்த நாளில் 10 நிமிட மெதுநடை போதும். அதுவும் முடியாவிட்டால் படுத்துக்கொள்ளலாம். வலியன்று மட்டும் நடந்து பலன் தேடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மற்ற மூன்று வாரங்களின் பயிற்சியே அந்த இரண்டு நாள்களுக்கு உதவுகிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

வெறும் வயிற்றில் போகாமல் ஒரு டம்ளர் ராகிக் கூழாவது குடித்துவிட்டுப் போவது நல்லது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. எனவே படியேறினாலே மூச்சு வாங்குபவர்கள் முதலில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிட வேண்டும்.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, அந்தந்த நாளின் காலண்டர் தாளில் குறித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதவிலக்குகள் கடந்தும் எண் இறங்காவிட்டாலோ, மணிக்கொரு முறை நாப்கின் மாற்றும்படி உதிரம் போனாலோ, முன்பு இல்லாத வலி முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ, மாதவிலக்கு இல்லாத நாள்களிலும் வலித்தாலோ, கருப்பைக் கட்டியோ, உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸோ இருக்கக்கூடும். அந்தத் தாள்களையும் எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.